சிட்டாவும் பேரேடும்: கரண்ட் போன நொடியின் வரலாறு

2012 கடைசியில் ஒரு சனிக்கிழமை. அருள்புரத்தில், பல்லடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு பனியன் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்றால் பெரிய வேலை இல்லை. தைக்கிறவர்கள், செக்கிங் பார்க்கிறவர்கள், அயர்ன் செய்கிறவர்கள் கொண்டுவரும் பண்டில் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். யார், எந்த ஆபரேஷன், எத்தனை பீஸ். சாயங்காலம் அதைக் கூட்டி ரேட்டால் பெருக்கி சம்பளப் பட்டியல் எடுக்க வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்பது ஒரு பண்டிகை நேரம் மாதிரி. மளிகைக் கடைக்காரர், சீட்டுக் கம்பெனிக்காரர், வாடகை வீட்டுக்காரர் எல்லோருமே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள்.

அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அப்போது இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2008-ல் தொடங்கியது 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. அதற்கு முந்தைய வருஷம்தான், 2011 ஜனவரியில், நொய்யல் வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லியிருந்தது. ஒரு அடி வாங்கி எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி. கம்பெனிகள் ஜெனரேட்டரில்தான் ஓடின.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளைத் தாங்கத்தான் யூபிஎஸ். எங்கள் யூபிஎஸ்ஸின் பேட்டரி வயசானது. அன்று மூன்று மணிக்குக் கரண்ட் போனதும் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிட்டது. சர்வர் என்று நாங்கள் மரியாதையாக அழைத்த அந்தப் பழைய கம்ப்யூட்டரும் கூடவே அணைந்தது. நான் அப்போது சீட்டுப் பதிந்துகொண்டிருந்தேன்.

ஜெனரேட்டர் எடுத்து மறுபடி ஆன் செய்தபோது எல்லாம் வந்தது, அந்த வாரத்துப் பீஸ் கணக்கு இருந்த டேபிள் மட்டும் வரவில்லை. சேதமாகியிருக்கிறது, பழுது பார்க்கவும் என்று ஒரு வரி. சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். ரிப்பேர் கமாண்ட் ஒன்று சொன்னார். கொடுத்தேன். சரியாகிவிட்டது என்று வந்தது. நானும் மூச்சு விட்டேன். பட்டியல் எடுத்துப் பார்த்தால் வியாழக்கிழமையிலிருந்து பாதிப் பேருக்குப் பீஸ் குறைவு. சிலருக்கு ஒரு நாள் முழுவதுமே இல்லை.

திருப்பூரில் டேபிள் என்றால் பவர் டேபிள்தான், தையல் மிஷின் வரிசை. நான் சூப்பர்வைசரிடம் போய் "டேபிள் போச்சுங்க" என்றதும் அவர் லைனில் ஏதோ மிஷின் எரிந்துவிட்டது என்று எழுந்து ஓடினார். அப்புறம்தான் புரியவைத்தேன். புரிந்ததும் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அப்ப யார் சொல்றத நம்பறது?"

பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் கரண்ட் போன அந்த நொடியில் என்ன நடக்கிறது, அதைச் சரிசெய்ய மனிதர்கள் என்னென்ன யோசித்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது நான் நினைத்ததைவிடப் பழைய கதை. அதன் முக்கியமான அத்தியாயத்தில் ஒரு தமிழ்நாட்டுக்காரரும் இருக்கிறார்.

*

இன்றைக்கு சிட்டா என்றால் நிலத்து ஆவணம்தான் நினைவுக்கு வரும். பழைய கடைக் கணக்கில் அதற்கு வேறொரு பொருள். அன்றன்று நடக்கிற வரவு செலவை நடந்த வரிசையில் உடனே எழுதிவைக்கும் நோட்டு சிட்டா. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் ஏற்றுவது பேரேடு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டுமானால் பேரேட்டைப் புரட்ட வேண்டும். ஆனால் பேரேட்டில் சந்தேகம் வந்தால் சிட்டாவைத்தான் எடுப்பார்கள். பேரேட்டில் தண்ணீர் கொட்டிவிட்டால்கூட, சிட்டா பத்திரமாக இருந்தால் புதிய பேரேடு எழுதிவிடலாம். சிட்டா போய்விட்டால் பேரேட்டைச் சரிபார்க்க ஆதாரம் இல்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பச்சோலி என்ற துறவி அச்சிட்ட கணித நூலில் வணிகர் கணக்கு பற்றி ஒரு பகுதி வருகிறது. அதிலும் நோட்டுகள் இப்படித்தான்: உடனுக்குடன் கிறுக்கிவைக்க ஒன்று, அதை ஒழுங்காக எழுத ஒன்று, ஆள்வாரியாக ஏற்ற ஒன்று. நினைவு நம்பத்தகுந்தது அல்ல, ஆகவே நடந்ததை முதலில் எழுது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இரண்டு இடத்திலும் உள்ள பாடம்.

தரவுத்தளக்காரர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். ஜிம் கிரேயும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் சேர்ந்து எழுதிய பரிவர்த்தனை பற்றிய பெரிய பாடப்புத்தகம் சுமேரியர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அரசனின் தானியக் கணக்கைக் களிமண் பலகையில் குறித்துவைக்கத்தான் எழுத்தே பிறந்தது என்பது அவர்கள் வாதம்.

*

கரண்ட் போகும் நொடியில் என்ன ஆகிறது? கம்ப்யூட்டருக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நினைவகம். வேகமானது, ஆனால் கரண்ட் போனால் வெறுமையாகிவிடும். இன்னொன்று டிஸ்க். மெதுவானது, ஆனால் எழுதியது நிற்கும். நான் ஒரு சீட்டைப் பதிந்ததும் அது முதலில் நினைவகத்துக்குத்தான் போகிறது. டிஸ்க்கில் இருக்கும் டேபிளுக்கு எப்போது போகும் என்பதை மென்பொருளும் இயங்குதளமும் தங்கள் வசதிப்படி முடிவு செய்கின்றன. ஒவ்வொரு சீட்டுக்கும் டிஸ்க்கைத் தொட்டால் ஆமை வேகம் ஆகிவிடும். அதனால் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவார்கள். சேர்த்துவைத்திருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், திரையில் நான் பார்த்தது டிஸ்க்கில் இருக்காது.

இது ஒருவகை இழப்பு. இதைவிட மோசமானது பாதி எழுதுவது. டேபிள் பக்கம் பக்கமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பிரபலமான ஒரு முறையில் ஒரு பக்கம் 16 கிலோபைட். ஆனால் டிஸ்க் ஒரு மூச்சில் உத்தரவாதமாக எழுதக்கூடியது பழைய டிஸ்க்குகளில் 512 பைட், புதியவற்றில் 4 கிலோபைட். ஆகவே ஒரு பக்கம் எழுதப்படும் நடுவில் கரண்ட் போனால் மேல்பாதி புதுசு, கீழ்ப்பாதி பழசு என்று கிழிந்த பக்கம் ஒன்று உருவாகும். அது நேற்றைய உண்மையும் இல்லை, இன்றைய உண்மையும் இல்லை. அதோடு, எந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டும் இன்டெக்ஸ் தனியாக எழுதப்படும். இன்டெக்ஸ் போய்ச் சேர்ந்து வரி போய்ச் சேராவிட்டால், இல்லாத வீட்டுக்குக் கதவு எண் கொடுத்த கதைதான்.

*

இதற்கு என்ன செய்வது என்ற கேள்வி 1960-களிலேயே வந்துவிட்டது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ திட்டத்தின் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் என்ற அமைப்பு 1968-ல் ஓடத் தொடங்கியது. அந்தத் தலைமுறை அமைப்புகளிலேயே மாற்றங்களை ஒரு பதிவேட்டில் தொடர்ந்து எழுதும் வழக்கம் வளர்ந்தது. அந்தப் பதிவேட்டுக்கு லாக் என்று பெயர். நம் சிட்டாதான்.

1970-களில் சான் ஹோசேயில் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டம் நடந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் எஸ்கியூஎல் மொழி அங்கே பிறந்தது. அங்கே நிழல் பக்கம் என்று ஒரு உபாயம் செய்துபார்த்தார்கள். பழைய பக்கத்தை அழிக்காமல் அப்படியே வைத்து, புதிய பக்கத்தை வேறு இடத்தில் எழுதி, எல்லாம் முடிந்ததும் முகவரியை மட்டும் மாற்றுவது. நடுவில் கரண்ட் போனால் பழைய பக்கம் பத்திரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அருகருகே இருக்க வேண்டிய பக்கங்கள் டிஸ்க் முழுக்கச் சிதறின, முகவரிப் பட்டியலைப் பராமரிக்கும் செலவும் ஏறியது. பெரிய டேபிள்களுக்கு அது ஒத்துவரவில்லை என்று அவர்களே பிறகு எழுதினார்கள். நம்ம முறை சரிப்படலை என்று செய்தவர்களே எழுதிவைத்தது அடுத்து வந்தவர்களுக்குப் பெரிய உதவி.

வென்றது சிட்டா வழிதான். விதி ஒன்றே ஒன்று: டேபிளில் ஒரு பக்கத்தை மாற்றி டிஸ்க்கில் எழுதும் முன், அந்த மாற்றம் என்ன என்பதை லாக்கில் எழுதி அது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதை உறுதி செய்துகொள். சீட்டு பதிந்தாகிவிட்டது என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் முன்பும் லாக் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டேபிள் மெதுவாக வரட்டும். லாக்கில் வரிசையாக எழுதிக்கொண்டே போவதால் அது வேகமாகவும் நடக்கும்.

சிஸ்டம் ஆர் குழுவில் இருந்த ஜிம் கிரேதான் பரிவர்த்தனை என்ற கருத்துக்கு உறுதியான வடிவம் கொடுத்தவர். ஒரு வேலை முழுதாக நடக்க வேண்டும், அல்லது நடக்கவே இல்லை என்று இருக்க வேண்டும். நடந்துவிட்டது என்று சொன்ன பிறகு அது தொலையக் கூடாது. 1983-ல் ஹேர்டரும் ராய்ட்டரும் இந்தக் குணங்களுக்கு ஆசிட் என்று நான்கெழுத்துப் பெயர் வைத்தார்கள். கிரே 1998-க்கான டூரிங் விருது பெற்றார். 2007 ஜனவரி 28 அன்று, இறந்துபோன தாயின் சாம்பலைக் கரைக்கத் தன் படகில் சான் பிரான்சிஸ்கோ கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துத் தேடினார்கள். படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

*

இலக்கிய வாசகர்களுக்கு சி. மோகன் என்றால் விமர்சகர், நாவலாசிரியர். நான் சொல்லப்போவது வேறொரு சி. மோகன். சந்திரசேகரன் மோகன். 1955-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஐஐடியில் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். அங்கே ஜெர்மன் உதவியோடு வந்திருந்த ஐபிஎம் 370 கம்ப்யூட்டர் அவரை இழுத்துவிட்டது. 1977-ல் அமெரிக்கா போய், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் முடித்து, 1981 கடைசியில் சான் ஹோசே ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

அவரும் ஹேடர்லே, லிண்ட்சே, பிராஹேஷ், ஸ்வார்ஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1992 மார்ச்சில் வெளிவந்தது. 69 பக்கம். முறையின் பெயர் ஏரீஸ். அதன் மையமான உத்திக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் இலக்கியப் பத்திரிகைக்காரர்கள் பொறாமைப்படுவார்கள்: வரலாற்றைத் திரும்ப நிகழ்த்துதல்.

ஏன் திரும்ப நிகழ்த்த வேண்டும்? பனியன் கம்பெனிக் கணக்கிலேயே பார்ப்போம். டேபிளின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், கடைசியாக எந்த லாக் வரி வரை இந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது என்று ஒரு எண் இருக்கும். டிஸ்க்கில் உள்ள நம் பக்கத்தில் எண் 10. லாக்கின் 20-ஆம் வரி: தையல் அக்காவுக்கு 60 பீஸ் கூட்டு. ஆனால் அந்தப் பதிவு இன்னும் முடியவில்லை. 30-ஆம் வரி: செக்கிங் அக்காவுக்கு 40 பீஸ் கூட்டு. இது முடிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். லாக் டிஸ்க்குக்குப் போய்விட்டது, பக்கம் போகவில்லை. கரண்ட் கட்.

நல்ல புத்தியுள்ள எவரும் என்ன செய்வார்கள்? முடிந்த வேலையை மட்டும் மறுபடி செய்வோம், முடியாததை ஏன் செய்து பிறகு நீக்க வேண்டும் என்பார்கள். பழைய முறையும் அப்படித்தான். செக்கிங் அக்காவின் 40 ஏறும். பக்கத்தின் எண் 30 ஆகும். அடுத்து, முடியாத வேலைகளை நீக்கும் படலம் வருகிறது. 20-ஆம் வரி முடியாதது. பக்கத்தைப் பார்த்தால் எண் 30. 30 வரை ஏறியிருக்கிறது என்றால் 20-ம் ஏறியிருக்கும் என்று நினைத்து 60 பீஸைக் கழித்துவிடும். ஆனால் அந்த 60 அங்கே ஏறவே இல்லை. தையல் அக்கா அதற்கு முன்பு தைத்து, சரியாகப் பதிந்திருந்த பீஸிலிருந்து 60 காணாமல் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. டேபிள் நன்றாகத் திறக்கும்.

ஏரீஸ் இதை இப்படித் தீர்த்தது. முதலில் லாக்கைப் படித்து, கரண்ட் போன நொடியில் யார் முடித்திருந்தார்கள், யார் முடிக்கவில்லை என்று பட்டியல் எடு. அடுத்து, நல்லது கெட்டது பார்க்காமல், முடிந்தது முடியாதது எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே மறுபடி செய். 20-ம் ஏறும், 30-ம் ஏறும். இப்போது டேபிள் கரண்ட் போன அந்த நொடியில் நினைவகத்தில் எப்படி இருந்ததோ அப்படி வந்து நிற்கும், குறையோடும் அரைகுறையோடும். அதன் பிறகுதான் முடியாததைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நீக்கு.

இதில் நம் ஊர்க்காரனுக்கு மட்டுமே முழுதாக ரசிக்கக்கூடிய இன்னொரு விஷயம் உண்டு. இப்படி மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனால்? 2012-ல் இங்கே அது கற்பனை இல்லை, வந்த கரண்ட் ஐந்தே நிமிஷத்தில் போகும். ஏரீஸ் நீக்குவதையும் லாக்கில் எழுதுகிறது: 20-ஆம் வரியின் 60 பீஸை நீக்கினேன், அடுத்து நீக்க வேண்டியது இன்னது என்று. ஆகவே பத்துத் தடவை கரண்ட் போய் வந்தாலும் அந்த 60 ஒரே ஒரு தடவைதான் நீக்கப்படும். அழிப்பதற்கும் சாட்சி வைக்கிற முறை.

ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் தொடங்கி எத்தனையோ தரவுத்தளங்கள் இதே குடும்பத்து முறைகளில்தான் மீள்கின்றன.

*

1992-லேயே தீர்ந்துபோன பிரச்சினை 2012-ல் எங்களுக்கு ஏன் வந்தது?

அறிவு உலகத்தில் இருப்பது வேறு, அது அருள்புரத்துக்கு வந்து சேர்வது வேறு. இலவசமாகக் கிடைத்ததால் உலகமெங்கும் சிறு கம்பெனிகளுக்குள் நுழைந்த மைஎஸ்கியூஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டேபிள்களை வைக்கப் பல வகை உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் நெடுங்காலம் கிடைத்தது மைஐசாம் என்ற வகை. எளிது, வேகம். ஆனால் அதற்குச் சிட்டா கிடையாது, நேராகப் பேரேட்டில் எழுதும். கரண்ட் போனால் ரிப்பேர் என்பது, கிடைக்கிற வரிகளை வைத்து இன்டெக்ஸை மறுபடி கட்டுவது. படிக்க முடியாத வரிகள் விடுபட்டுப்போகும். சிட்டா உள்ள இன்னோடிபி என்ற வகையை ஃபின்லாந்துக்காரர் ஹெய்க்கி டூரி உருவாக்கியிருந்தார். கிழிந்த பக்கத்துக்கும் அதில் வைத்தியம் உண்டு: பக்கத்தை முதலில் வேறொரு இடத்தில் முழுதாக எழுதிவிட்டு, பிறகு அதன் சொந்த இடத்தில் எழுதும். ஆனால் அது தானாகக் கிடைக்கும் வகையாக மாறியது 2010 டிசம்பரில் வந்த 5.5 பதிப்பில்தான். அதற்கு முன் கட்டிய சாப்ட்வேர்களில் பழைய டேபிள்கள் பழையபடியே ஓடிக்கொண்டிருந்தன. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில்கூட லாக்கை முன்னால் எழுதும் முறை 2001-ல் வந்த 7.1 பதிப்பில்தான் சேர்ந்தது.

சிட்டா இருந்தாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வேகத்துக்காக ஒவ்வொரு பதிவுக்கும் லாக்கை டிஸ்க்குக்கு அனுப்பாமல் நொடிக்கு ஒருமுறை அனுப்பு என்று இன்னோடிபியில் மாற்றிவைக்கலாம். மாற்றியவருக்கு, கடைசி ஒரு நொடியைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பது நினைவிருக்க வேண்டும். டிஸ்க்கே பொய் சொல்லும் இடமும் உண்டு. எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் உள் நினைவகத்தில் வைத்திருக்கும். அங்கே பேட்டரிக் காப்பு இல்லையென்றால் அந்த உள் நினைவகத்தை அணைத்துவிடுவதே நல்லது. யூபிஎஸ் பேட்டரியை வருஷத்துக்கு ஒருமுறையாவது சுமையோடு சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தினமும் ஒரு பிரதி வேறு இயந்திரத்துக்குப் போக வேண்டும். அந்தப் பிரதி திறக்கிறதா என்று எப்போதாவது திறந்தும் பார்க்க வேண்டும். சேதமான டேபிளில் ரிப்பேர் ஓட்டும் முன் அதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். அன்று நான் செய்யாதது அதுதான். ரிப்பேர் தூக்கி எறிந்த வரிகளில் சிலவற்றையாவது யாராவது மீட்டிருக்கலாம்.

*

அன்று சாயங்காலம் சம்பளம் போடவில்லை. ஆபீஸ் வாசலில் கூட்டம். பண்டில் சீட்டுகளைப் பதிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவது எங்கள் பழக்கம். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்ற தைரியம். தோராயமாகப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தோராயம் என்றால் யாருக்குக் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது லைனில் ஓவர்லாக் ஓட்டும் அக்கா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். "ஏந்தம்பி, என்ற நோட்டுல எல்லாம் இருக்குது. பார்த்துப் போட்டுக்கோ." தேதி, ஸ்டைல் நம்பர், பண்டில் நம்பர், பீஸ். பென்சிலில் எழுதியது. முடிக்காத பண்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார். முடித்ததும் அதன் மேல் ஒரு கோடு.

பிறகு ஒவ்வொரு பையிலிருந்தும் நோட்டு வந்தது. சிலருக்குக் காலண்டர் தாள், ஒருவருக்கு பீடிக் கட்டு அட்டை. கட்டிங் ரிஜிஸ்டரில் இருந்த பண்டில் எண்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டோம். ஒரே பண்டிலின் ஒரே வேலையை இரண்டு பேர் எழுதியிருந்தால் கூப்பிட்டுக் கேட்டோம். அப்படி மூன்றோ நான்கோதான் வந்தன. வியாழக்கிழமை காலையிலிருந்து ஆரம்பித்து, நடந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் மறுபடி பதிந்தேன். முடிக்கும்போது இரவு பதினொன்றரை. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. பதிந்த வரைக்கும் ஒரு பேப்பரில் டிக் அடித்துக்கொண்டே வந்ததால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பளம் போட்டார்கள். ஓவர்லாக் அக்கா பணத்தை எண்ணிவிட்டு நோட்டைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். அங்கேயே நின்று, அந்த வாரத்துப் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "வாங்கியாச்சு" என்று எழுதிவிட்டுப் போனார்.